‘ஃபேஸ் லிஃப்ட்’ கவிதையில் ‘நான்’ என்பது யார்?

3 ஜூன் 2023, மாலை (இழையைத் தொடங்கிய கேள்வி)

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தின் ‘ஃபேஸ் லிஃப்ட்’ கவிதையை வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். ‘வாக்குமூலக் கவிதை’, அதாவது தன் சொந்த வாழ்க்கையைத் திறந்து சொல்லும் கவிதை, என்று தலைப்புப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அப்படியென்றால் பிளாத் முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டாரா? முதல் கணவன் என்று ஒரு வரி வருகிறதே, அவருக்கு எத்தனை கல்யாணம்? கடைசியில் குழந்தை மாதிரி கண் விழிக்கிறார். அது சந்தோஷமா, கிண்டலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

இல்லை தம்பி. பிளாத் முகத்தில் கத்தி வைத்துக்கொள்ளவில்லை. எழுதும்போது அவருக்கு 28 வயது. ஒரே கல்யாணம், ஒரே கணவர், ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ். லண்டனில் அவர்களுக்குப் பழக்கமான, வயதில் மூத்த ஒரு பெண் முகத்தைச் சரிசெய்துகொண்டதை வைத்து எழுதியது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெயரும் சொல்கிறார்கள், நமக்கு எதற்கு.

1961இல் பிளாத்துக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது. அந்தச் சூட்டோடு எழுதியதால்தான் ஆஸ்பத்திரி வாடை இவ்வளவு தூக்கலாக இருக்கிறது.

சந்தோஷமா கிண்டலா என்றால் கிண்டல்தான். வசதியான ஒரு சீமாட்டியின் அசட்டு ஆசையைப் பார்த்து 28 வயதுக்காரி சிரிக்கிறாள். இதில் குழம்ப ஒன்றும் இல்லை.

4 ஜூன், காலை

குழம்ப நிறைய இருக்கிறது, நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். முதலில் தேதி. 1981இல் வந்த கவிதைத் தொகுப்பில் இந்தக் கவிதைக்கு 15 பிப்ரவரி 1961 என்று போட்டிருக்கிறது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது பிப்ரவரி 28. ஆக இது ஆபரேஷனுக்குப் பதின்மூன்று நாள் முன்னால் எழுதியது. ஆபரேஷனுக்கு அப்புறம் எழுதியவை ‘டியூலிப்ஸ்’, ‘இன் பிளாஸ்டர்’ இரண்டும். மார்ச் 18, ஒரே நாளில் இரண்டு. நான் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன்.

“சூட்டோடு எழுதியது” என்பதை அடித்துவிடுங்கள்.

4 ஜூன், மதியம்

‘வாக்குமூலம்’ என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 1959இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்புக்கு எம். எல். ரோசந்தால் என்ற விமர்சகர் எழுதிய மதிப்புரையிலிருந்து பிடித்துக்கொண்ட சொல் அது. அதே வருடம் பாஸ்டனில் லோவெல் நடத்திய வகுப்பில் பிளாத்தும், ஆன் செக்ஸ்டன் என்ற இன்னொரு கவிஞரும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் முத்திரை அவர்கள் மேலும் விழுந்துவிட்டது.

தமிழில் வாக்குமூலம் என்றால் போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்தவ வீடுகளில் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இன்னும் கிட்டத்தில் வரும். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் நம்முடைய பாவத்தைத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவள் செய்ததை அவள் குரலில் நாம் போய்ச் சொன்னால் அதற்கு எங்கள் தெருவில் பெயர் கோள்.

4 ஜூன், இரவு

கோள் என்றது பலருக்குப் பிடித்திருக்கிறது, ஒரு தங்கைக்குப் பிடிக்கவில்லை. “அவள் காசு, அவள் முகம், உங்களுக்கு என்ன சிரிப்பு?” என்று கேட்கிறாள். நியாயம். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

6 ஜூன்

யோசித்ததில் வேறொன்று மாட்டியது. முதல் மூன்று வரியை மறுபடி பாருங்கள். ஒருத்தி கிளினிக்கிலிருந்து நல்ல செய்தியோடு வருகிறாள். பட்டு ஸ்கார்ஃபை விருட்டென்று உருவி, இறுக்கிச் சுற்றிய வெள்ளைக் கட்டுகளைக் காட்டிச் சிரிக்கிறாள், நன்றாக இருக்கிறேன் என்கிறாள். அதுவரை வந்தவள் ‘நீ’, பார்த்துக்கொண்டிருப்பவள் ‘நான்’. அடுத்த வரி: எனக்கு ஒன்பது வயதில்... என்று ஒரு பழைய ஆபரேஷன் ஞாபகம். இந்த ‘எனக்கு’ யாருக்கு? மேற்கோள் குறி ஏதும் இல்லை.

மூன்று கட்சி கட்டலாம். ஒன்று, வந்தவளே பேசிக்கொண்டு போகிறாள். இரண்டு, கேட்பவளுக்குத் தன் சின்ன வயது ஞாபகம் வருகிறது, அதற்கு வந்தவள் “இப்போதெல்லாம் அப்படி இல்லை, மாத்திவிட்டார்கள்” என்று பதில் சொல்லித் தன் கதையைத் தொடங்குகிறாள். மூன்று, எல்லாமே கேட்பவளின் கற்பனை. தம்பியின் வகுப்பில் முதல் கட்சிதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் இரண்டாவது. சொந்தக் காரணம் இருக்கிறது.

1979இல் ஈரோட்டில் எனக்கு டான்சில் எடுத்தார்கள். சரியாக ஒன்பது வயது. மூக்கின்மேல் சல்லடை மாதிரி ஒரு கம்பிக் கூண்டு, அதன்மேல் துணி, அதில் மயக்கத்துக்குச் சொட்டுச் சொட்டாக ஈதர். அழுகின பழத்தையும் பெட்ரோலையும் பிசைந்த மாதிரி நெடி. வார்டு பாய் என் காலைப் பிடித்திருந்தார். டாக்டர்கள் பேசியது கிணற்றுக்கு மேலே யாரோ நின்று பேசுவது போல எதிரொலித்தது. கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அம்மாவின் முகம்கூட இல்லை, நீல விளிம்பு போட்ட எனாமல் பேசின். அதற்கப்புறம்தான் அதைப் பிடித்திருந்த கை. வாந்தி எடுத்து எடுத்து வயிறு வலித்தது. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்தது, பாதி உருகி.

கவிதையில் பச்சை உடுப்பு மயக்க டாக்டர், தவளை மாதிரி முகமூடி, வாழைப்பழ வாடை வாயு, இடி மாதிரி முழங்கும் சர்ஜன்கள், அப்புறம் தகரப் பேசினோடு நீந்தி மேலே வரும் அம்மா. அந்த ‘நீந்தி வருவது’ இருக்கிறதே, அதை அனுபவித்த யாரும் விளையாட்டாகக் கடந்து போக முடியாது. இந்த இடத்தில் கவிதை கிண்டல் செய்வதை நிறுத்திவிடுகிறது. எனக்கு அது கேட்பவளின் ஞாபகமாகத்தான் படுகிறது. நமக்கு முன்னால் ஒருத்தர் கட்டோடு உட்கார்ந்து கதை சொன்னால் நம் மனது தானாக நம்முடைய தழும்பைத் தேடிப் போகும்.

6 ஜூன், பின்குறிப்பு

முதல் கட்சிக்காரர்கள் உடனே எழுதிவிட்டார்கள்: “உங்களுக்கு டான்சில் எடுத்ததால் கவிதைக்குக் கட்சி மாறுமா?” மாறாதுதான். ஆனால் நீங்கள் மட்டும் எதை வைத்து வாசிக்கிறீர்கள்?

7 ஜூன்

ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் இருந்த சிஸ்டர் ஒருவர் எழுதியதை இங்கே எடுத்துப் போடுகிறேன், எனக்குத் தெரியாத விஷயம். இரண்டாம் பத்தியில் ஒரு நல்ல மனிதர் அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்குகிறார் என்று வருகிறதல்லவா, அது அன்புக்காக இல்லை, நரம்பு புடைப்பதற்காக. பெண்டோதால் என்ற மயக்க ஊசியை மனிதர்களுக்கு முதலில் போட்டது 1934இல், அமெரிக்காவில். அதற்கப்புறம் முகமூடி போட்டு மூச்சைத் திணறடிக்காமல் கை நரம்பு வழியாகவே தூங்கவைக்க முடிந்தது. “மாத்திவிட்டார்கள்” என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். இரண்டு எண்ணுவதற்குள் இருட்டு, கரும்பலகையில் சாக்பீஸை அழித்த மாதிரி.

2016இல் எனக்குப் பித்தப்பை எடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து. பத்திலிருந்து பின்னாலே எண்ணச் சொன்னார்கள், எட்டை நான் பார்க்கவில்லை. கனவு இல்லை, வாந்தி இல்லை. விழித்தபோது பேசினும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. வசதிதான்.

7 ஜூன், இரவு

மொழிபெயர்த்துப் பார்க்கிறேன் என்று தம்பி முயன்றிருக்கிறார், பாராட்டுகள். ஆனால் ஐந்து நாள் ரகசியமாகப் படுத்திருக்கும்போது “என் உயிர்த்தோழிகூட நான் நாட்டில் இருப்பதாக நினைக்கிறாள்” என்று போட்டுவிட்டீர்கள். பின்னே வெளிநாட்டிலா இருக்கிறாள்? லண்டன்காரர்கள் ‘கன்ட்ரி’ என்றால் கிராமப்புறம். நம் பேச்சில் சொன்னால் “ஊருக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.”

இன்னொன்று, பழைய காலுறை முகம் ஒரு ‘முட்டை’மேல் தொங்குகிறது என்பது சாப்பிடும் முட்டை இல்லை. கிழிந்த காலுறையைத் தைக்க உள்ளே நுழைத்துக்கொள்ளும் மரக்கட்டை, முட்டை வடிவத்தில் இருக்கும். நாம் காலுறையைத் தைத்துப் போடும் ஜனம் இல்லை, அதனால் நமக்கு அதற்குச் சொல் இல்லை. ‘மரமுட்டை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துத் தொங்கலுக்கு மட்டும் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: அலைதாடி. காளைக்குக் கழுத்தடியில் ஆடுவது. ஆங்கிலத்திலும் பிளாத் மாட்டுக்குச் சொல்லும் சொல்லைத்தான் அந்த அம்மாளுக்குப் போட்டிருக்கிறார். குரூரம்.

9 ஜூன்

பேராசிரியர் ஐயா ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கட்டு, இருட்டு, ஜாடி எல்லாமே 1963இல் நேர்ந்த பிளாத்தின் சாவுக்கு முன்னறிவிப்பு என்கிறார். ஐயா, மன்னிக்கணும். இந்த அளவுகோலை வைத்தால் அவர் பேப்பர்காரனுக்கு எழுதிய சீட்டும் முன்னறிவிப்புதான். கவிதையில் செத்த ஒரே பிராணி பூடில் நாய்.

அந்த நாயை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாம் பத்தியில் அவள் பின்னோக்கி வளர்ந்து இருபது வயதுக்குப் போகிறாள். முதல் கணவனின் சோபா, மடியில் பூடில், அப்போது பூனை இன்னும் வரவில்லை. கணவர்களையும் பிராணிகளையும் வைத்துக் காலத்தை எண்ணுகிறாள். என் பாட்டி பசுமாட்டை வைத்து எண்ணுவாள்: “செவலை ஈன்ற வருஷம்தான் உங்க மாமன் பொறந்தான்.” சிரிக்க வைக்கும் இடம், ஆனால் சிரிப்பு அவளுடையது. தன்னைத் தானே கிண்டல் செய்யத் தெரிந்தவளை அசடு என்று நான் எழுதியிருக்கக் கூடாது. தங்கைக்குப் பதில் இதுதான்.

10 ஜூன்

மம்மி. கட்டுத்துணியைப் பிளாத் எகிப்து மம்மியின் துணி என்கிறார். ஆங்கிலத்தில் அதே சொல் அம்மாவுக்கும் ஆகும். பிளாத் அமெரிக்கப் பெண், ஆனால் லண்டனில் எழுதுகிறார், அங்கே குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடும். தமிழில் இந்தச் சிலேடை செலவில்லாமல் கிடைக்கிறது. என் பேரன் எகிப்து கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து “கண்ணாடிப் பெட்டியில மம்மி படுத்திருக்கு” என்றதும் என் மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எகிப்து அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி அங்கிக்குள் கிளியோபாட்ரா போலப் போகிறாள். கடைசியில் பழைய கிழவியை ஏதோ ஆய்வுக்கூட ஜாடியில் பிடித்து அடைத்துவிட்டார்களாம். எகிப்தியர்கள் உடலைப் பதப்படுத்தும்போது குடல், ஈரலையெல்லாம் தனித்தனி ஜாடியில்தான் வைத்தார்கள். ரோமானியக் கதையிலும் ஒரு கிழவி உண்டு. ஆயுளை வரமாகக் கேட்டு இளமையைக் கேட்க மறந்தவள், சுருங்கிச் சுருங்கி ஜாடிக்குள் தொங்கினாள்.

எனக்கு முதலில் தோன்றியது தாழிதான். ஆதிச்சநல்லூர்த் தாழிகள் செத்தவர்களைப் புதைத்தவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பாட்டி சொன்ன கதை வேறு: அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். குரங்குக்குட்டி அளவுக்குச் சுருங்கிப் போனதும் தாழியில் உட்காரவைத்துச் சோறும் தண்ணியும் வைத்துவிடுவார்களாம். இன்னும் ஐம்பது வருடம் அங்கேயே தலையை ஆட்டிக்கொண்டு வாடட்டும் என்று கவிதை சொல்லும்போது எனக்குப் பாட்டியின் குரல் கேட்டது. பிளாத்துக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

10 ஜூன், இரவு

சிஸ்டர் மறுபடி: “அந்தத் தாழிக் கிழவி ஐம்பது வருஷமெல்லாம் உள்ளே இருக்கமாட்டாள், திரும்பி வந்துவிடுவாள்.” ஏனென்று கேட்டேன். அப்போதெல்லாம் தோலை மட்டும் உரித்து, இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைப்பார்கள். தோலுக்குக் கீழே தசையோடு ஒட்டிய ஒரு படலம் இருப்பதை இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் விவரித்து எழுதியது 1976இல். அதற்கப்புறம்தான் அந்தப் படலத்தையே தூக்கிக் கட்டும் முறை பரவியது. தோலை மட்டும் இழுத்தால் சீக்கிரமே மறுபடி தளர்ந்துவிடும்.

தோலுக்கு வேர் கிடையாது, காகிதம் போல உரிந்துவிடும் என்று ஒரு வரி. நான் கவித்துவம் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்து ஆபரேஷன் அப்படியேதான் இருந்திருக்கிறது.

13 ஜூன்

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுதலாமா என்று யோசனை.

ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தி. இந்தச் சொற்களை எந்தத் தமிழ்ப் பெண்ணிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், என்ன கேட்பாள்? “எத்தனை மாசம்?”

பத்து நாளாக ‘நல்ல செய்தி’ என்று நானே இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், காதில் விழவில்லை. தேதிகளை மறுபடி அடுக்கிப் பார்த்தேன். பிப்ரவரி 6, 1961 அன்று பிளாத்துக்குக் கரு கலைந்தது. முதல் குழந்தைக்கு அப்போது பத்து மாதம். பிப்ரவரி 11, ‘பார்லிமென்ட் ஹில் ஃபீல்ட்ஸ்’, அது நேரடியாகவே பிள்ளையை இழந்தவளின் குரல். பிப்ரவரி 15, இந்தக் கவிதை. ஒன்பது நாள். இந்தப் பெண் இளஞ்சிவப்பாய், வழவழவென்று, துணியில் சுற்றிய குழந்தையாய் விழிக்கிறாள். பிப்ரவரி 19, ‘மார்னிங் சாங்’, பிறந்த குழந்தையைப் பற்றி.

முதல் பத்தியில் கேட்டுக்கொண்டிருந்த அந்த ‘நான்’ அப்புறம் எங்கே போனாள்? கவிதை முடிகிறவரை திரும்பவே இல்லை. வந்தவளின் வாய்க்குள் போய்விட்டாள். பிள்ளையை இழந்து வெறுங்கையோடு இருந்த ஒருத்தி, கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தவளின் கதையைக் கேட்கிறாள், அவள் கதைக்குள்ளேயே நுழைந்து ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு வருகிறாள். அந்தக் குழந்தையும் அவளேதான்.

வாக்குமூலம் இல்லை, கோள் என்று சொன்னேன். அது அவசரம். அடுத்தவள் கதைக்குள் ஒளிந்துகொண்டுதான் சிலதைச் சொல்ல முடிகிறது.

13 ஜூன், இரவு

முதல் கட்சி: “அப்படிப் பார்த்தால் நீங்களும் பேராசிரியர் ஐயா செய்ததைத்தானே செய்கிறீர்கள்? அவர் சாவைக் கொண்டுவந்தார், நீங்கள் கருவைக் கொண்டுவருகிறீர்கள்.” வலிக்கிறது, ஆனால் சரியான கேள்வி. ஒரே ஒரு வித்தியாசம் சொல்வேன். ஐயாவின் தேதி கவிதைக்கு இரண்டு வருடம் பின்னால், என் தேதி ஒன்பது நாள் முன்னால். இதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை. ஐயா, அன்று துடுக்காகப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

15 ஜூன்

ஒரு வரியோடு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, கடைசிவரை ஒத்துவராது என்று நினைக்கிறேன். கிழவி மெலிந்த தலைமுடியை விரலால் அளைந்துகொண்டே இருக்கட்டும், அங்கேயே சாகட்டும் என்பது. முதல் வாசிப்பில் சிரித்தவள் நான்தான். என் அம்மாவுக்கு இப்போது 84. காலையில் தலை வாரி விடுகிறேன், ஒரு சுண்டுவிரல் கனம்தான் பின்னல் வருகிறது. மத்தியானம் முழுக்க அதைப் பிரித்துப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பேசின் பிடித்த அதே விரல். 28 வயதில் எழுதுவது சுலபம்.

18 ஜூன்

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சம்பந்தப்பட்டவளே “எழுதிக்கோ, பேரைப் போடாதே” என்று சொல்லிவிட்டாள்.

நான் இரண்டாம் கட்சி ஆனதற்கு டான்சில் மட்டும் காரணம் இல்லை. நாலு வருடம் முன்னால் என் அண்ணி, தன் மகள் வீட்டுக்கு பெங்களூரு போவதாகச் சொல்லிவிட்டுப் பத்து நாள் காணாமல் போனாள். திரும்பி வந்த அன்று நேராக என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தலையில் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்தாள். காதோரம் தையல், கன்னம் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எப்படி இருக்கேன்?” நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் எழுதமாட்டேன். நல்லதாக ஒன்றும் இல்லை.

நேற்று அவளுக்குக் கவிதையை என் தமிழில் வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டாள். காலுறைக்குச் சிரித்தாள், அலைதாடிக்குச் சிரிக்கவில்லை. யார் அந்த ‘நான்’, எந்தக் கட்சி சரி என்றெல்லாம் நான் ஆரம்பித்ததும் கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அந்த அஞ்சு நாளும் அவளுக்குக் கஞ்சி வச்சுக் கொடுத்தது யாரு?”

கவிதையில் யாரும் இல்லை அண்ணி, தனக்குத் தானே தாய் என்று கடைசியில் ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான் என்றேன்.

“ம். எனக்கு ஓட்டல் ரூம்ல கெட்டில்தான். ஓட்ஸ் போட்டு, ஸ்ட்ரா வச்சுக் குடிச்சேன், வாயைத் திறக்க முடியலையே.” அப்புறம், “அந்த ஊருக்குப் போறேன்னு சொன்ன இடத்தை இன்னொருக்கா படி” என்றாள்.